என் கைபட்ட லேப்டாப்

மார்ச் 3, செவ்வாய்

மனைவியின் லேப்டாப்பில் இருந்ததையெல்லாம் துடைத்து அழித்து, ஓ.எஸ்.ஸை மறுபடி போட்டுக் கொடுத்தேன். "நல்லாத்தானே ஓடுது, எதுக்கு?" என்றாள். நன்றாக ஓடும்போதே பார்த்துவிட வேண்டும் என்று விளக்கினேன். வீட்டு வரைபடம் போடுகிறவள். கதவு எங்கே, ஜன்னல் எங்கே என்று தெரியும். கம்ப்யூட்டரைப் பற்றி, பாவம், என்ன தெரியும்? குடும்பத்தில் யாருடைய மெஷின் படுத்தாலும் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். மாப்பிள்ளை கை பட்டால் போதும் என்று மாமனாரே எல்லோரிடமும் சொல்கிறார்.

கூலியாக அவளுடைய சார்ஜரை என் லேப்டாப்புக்கு எடுத்துக்கொண்டேன். அதன் வயர் நீளம், சோபா வரை வருகிறது. என்னுடையதை அவள் மேஜையில் செருகிவிட்டேன். இரண்டுக்கும் முனை ஒன்றுதான்.

அவளுடையதை ஆன் செய்ததும் மூலையில் மஞ்சளாக ஏதோ அறிவிப்பு வந்து நின்றது. பார்க்க நன்றாக இல்லை. இனி வராதபடி செய்துவிட்டேன்.

மார்ச் 4, புதன்

மெதுவாக இருக்கிறதாம். புதுசு, கொஞ்சம் பழக வேண்டும் என்றேன். "நானா, அதுவா?" என்று கேட்டாள்.

வெள்ளிக்கிழமை அவளுக்கு முக்கியமான நாள். இத்தனை வருடமாக ஆபீஸில் மற்றவர்கள் வரைந்ததற்கு அளவு சரிபார்த்துக்கொண்டிருந்தவள், முதல் தடவையாகத் தனியாக ஒரு வீடு வரைந்திருக்கிறாள். அந்த வீட்டைக் கட்டிக்கொள்ளப்போகிறவர் நேரில் வந்து பார்க்கிறார். பிடித்தால் இனி அவள் பேரிலேயே வேலை வரும். இல்லாவிட்டால் பழையபடி அளவுதான்.

மாலையில் சோதித்தேன். வரைபடத்தைத் திருப்பினால், மாமனார் சாய்வு நாற்காலியிலிருந்து எழுந்திருப்பது போல வீடு திரும்புகிறது. வேகம் கூட்டும் புரோகிராம்கள் மூன்று போட்டேன். மூன்றும் ஒன்றையொன்று சோதித்துக்கொண்டிருக்கின்றன.

மார்ச் 5, வியாழன்

இன்னும் மோசம். வைரஸ் இல்லை. டிஸ்க் நலம், மெமரி நலம். எல்லாம் நலம், ஓடத்தான் மாட்டேன் என்கிறது. சூடாகிறதோ என்று ஃபேனை அதன் பக்கம் திருப்பினேன். அவளுடைய காகிதங்கள் பறந்தன. பொறுக்கி எடுத்தாள்.

ஆபீஸில் கம்ப்யூட்டர் பார்ப்பவரிடம், நண்பர் ஒருவருக்கு என்று சொல்லி ஜாடைமாடையாகக் கேட்டேன். புதுசாக எதை மாற்றினார் என்று கேட்டார். ஓ.எஸ். தவிர எதுவுமே இல்லை என்றேன். "அப்போ உங்க நண்பர நம்பாதீங்க" என்றார். மரியாதை தெரியாத ஆள்.

சாயங்காலம் — மறுபடி அழித்துப் போடுவது ஒன்றுதான் வழி என்று சொன்னேன். "நாளைக்குக் காட்டணுங்க" என்றாள். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. திட்டியிருந்தால்கூடத் தேவலை. சரியாகலைன்னா அவ மூஞ்சில எப்படி முழிப்பேன்? வரைபடம் பென் டிரைவ்ல இருக்கு — இருக்குல்ல? இருக்கு. பார்த்துட்டேன்.

மார்ச் 6, வெள்ளி

காலையில் எல்லாம் ஏற்றி முடித்து ஆன் செய்தேன். அதே மஞ்சள் அறிவிப்பு. மூடப் போனேன். அவள் என் கையைப் பிடித்துவிட்டாள்.

"இருங்க. என்னமோ எழுதியிருக்கு."

சார்ஜருக்குச் சக்தி போதவில்லை, அதனால் வேகம் குறைக்கப்படுகிறது என்று எழுதியிருந்தது. எழுந்து போனாள். சோபா பக்கத்திலிருந்து தன் சார்ஜரை உருவிக்கொண்டு வந்து மாட்டினாள். தொட்டதும் வீடு திரும்பியது. படிக்கட்டு, சமையலறை, மொட்டை மாடி. என்ன அழகான வீடு! இத்தனை நாள் நான் அதைப் பார்க்கவே இல்லை.

"அன்னைக்கும் இது வந்துச்சா?"

வந்தது என்றேன்.

"படிச்சீங்களா?"

அனுபவசாலிகள் இதையெல்லாம் படித்துக்கொண்டிருப்பதில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். என் சார்ஜரைச் சுருட்டிக்கொண்டு சோபாவுக்குப் போனேன்.

மார்ச் 7, சனி

வீடு கட்டுகிறவருக்குப் பிடித்துவிட்டது. அவர் தங்கைக்கும் ஒரு வீடு வரையச் சொல்லியிருக்கிறார். எனக்கு ரொம்ப சந்தோஷம். நான் இரண்டாம் முறை அழித்துப் போட்டதால்தான் கோளாறே வெளியே வந்தது என்பதை மட்டும் யாரும் கவனிக்கவில்லை.

மார்ச் 15, ஞாயிறு

மாமனார் போன். அவர் கம்ப்யூட்டர் நகரவே மாட்டேன் என்கிறதாம். பேசிக்கொண்டே சட்டையை மாட்டினேன், பென் டிரைவைப் பையில் போட்டேன். இதோ கிளம்பிவிட்டேன் என்றேன்.

"நீங்க எதுக்கு அலையறீங்க மாப்பிள்ளை? போனை அவகிட்ட குடுங்க."

கொடுத்தேன்.

"மூடிடாதீங்கப்பா. என்ன எழுதியிருக்குன்னு மொதல்ல படிங்க" என்றாள்.

சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினேன்.