சாவியை எடுத்த பிறகும் எரிந்த விளக்கு

திங்கள், 10 ஜூலை 95

காற்று, தூறல். ஷெட்டைத் திறந்தேன், ஐந்து மாதத்துக்குப் பிறகு. கார் முழுக்கப் புழுதி. பேட்டரி ஒயரைப் பிப்ரவரியிலேயே கழற்றிப் போட்டிருந்தேன். பேட்டரியைச் சார்ஜ் ஏற்றிக் கொண்டுவந்து மாட்டினேன். ஒரே திருப்பில் கிளம்பிவிட்டது. அன்றைக்கு இப்படிக் கிளம்பியிருக்கக் கூடாதா.

ஞாயிறன்று மேட்டுப்பாளையம். மகள் மீனாவுக்கு ஏழாம் மாதம். ஆடி பிறக்குமுன் அழைத்து வர வேண்டும். அம்மா இல்லாத வீடு என்று நான்தான் தயங்கினேன். "அங்கதானுங்கப்பா வருவேன்," என்றாள் போனில்.

தெருவில் இரண்டு சுற்று ஓட்டிப் பார்த்தேன். ஸ்டியரிங்குக்குப் பின்னால் பேட்டரிப் படம் போட்ட சிவப்பு விளக்கு. மங்கலாக. அதே விளக்கு. பேட்டரி ஒயரை மறுபடி கழற்றி வைத்தேன்.

வாங்க: டிஸ்டில்டு வாட்டர், சாய்ந்துகொள்ள ஒரு தலையணை, சாத்துக்குடி. பத்தாம் வகுப்பு விடைத்தாள் பாக்கி.

செவ்வாய், 11

பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கார். பெல்ட்டை அழுத்திப் பார்த்தேன், தொய்வில்லை. பேட்டரி முனைகளில் பச்சைப் பூப்பு. வெந்நீர் ஊற்றித் தேய்த்தேன். விளக்கு அணையவில்லை.

போதும் என்று எஞ்சினை நிறுத்திச் சாவியைச் சட்டைப்பையில் போட்டேன். கதவைச் சாத்தக் குனிந்தால், ஷெட்டு இருட்டில் அது இன்னும் எரிகிறது. சாவி என் பையில். சரோஜா உட்காரும் சீட்டின் ஓரத்தில் லேசான சிவப்பு.

முப்பது வருஷமாகப் பிள்ளைகளுக்கு மின்சாரப் பாடம் நடத்துகிறவன். பேட்டரி ஒயரைக்கூடக் கழற்றாமல் பயந்து வீட்டுக்குள் ஓடி வந்துவிட்டேன்.

ஜனவரியில் மார்க்கெட்டிலிருந்து வரும்போது மீனாவின் அம்மா சரோஜாதான் முதலில் பார்த்தாள். "ஏனுங்க, செகப்பா ஒண்ணு எரியுதுங்க." அதெல்லாம் தானாப் போயிரும் என்றேன். பிறகும் இரண்டு தடவை சொன்னாள். நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

புதன், 12

காலையில் சாவியைத் திருப்பினேன். டக். டக். எஞ்சின் அசையவில்லை. முன்பே கேட்ட சத்தம்.

இதுவரை எங்கும் எழுதாதது. பிப்ரவரியில் அன்று விடியற்காலை நெஞ்சு வலிக்கிறது என்றாள் சரோஜா. தானே நடந்து வந்து முன் சீட்டில் உட்கார்ந்தாள். சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். டக், டக். "அவசரப்படாதீங்க," என்றாள், எனக்கு ஆறுதலாக. மெயின் ரோட்டுக்கு ஓடி ஆட்டோ பிடித்து வர இருபது நிமிஷம். ஆஸ்பத்திரிக்குள் தூக்கிக்கொண்டு போகும்போது மூச்சில்லை. கொஞ்சம் முந்தி வந்திருக்கலாமே என்றார் டாக்டர்.

மீனாவிடம், நெஞ்சுவலி, யாராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை என்று சொன்னேன். காரைப் பற்றிச் சொல்லவில்லை.

இஸ்திரிக்காரரும் நானும் தள்ளிக்கொண்டு போய்ப் பஸ் ஸ்டாப் பக்கம் காதர் பாய் கடையில் விட்டோம். ஆட்டோ எலெக்ட்ரீஷியன். முன்பின் பழக்கமில்லை. இடுப்பு பிடித்துக்கொண்டது.

வியாழன், 13

தூறல் விடவில்லை. அரை நாள் லீவு.

பாய், பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரைக் கழற்றிப் பிரித்துப் போட்டு மீட்டர் முள்ளை வைத்துக் காட்டினார். "டயோடு ஒண்ணு போயிருச்சுங்க சார். கரண்ட்டு ஒரு பக்கமாத்தான் போகோணும். இது திரும்பி ஓடுது. நீங்க சாவிய எடுத்தாலும் உள்ளுக்குள்ள பேட்டரியக் குடிச்சுக்கிட்டே இருக்கும். லைட்டு எரியறது அதாலதானுங்க."

அப்போ காலையில் வண்டி எடுக்காதா என்று கேட்டேன்.

"எப்புடிங்க எடுக்கும்?"

வேறு டயோடு வைத்துப் பற்றவைத்தார். மாட்டி ஓட்டியதும் மீட்டரில் பதினாலு வோல்ட். விளக்கு அணைந்தது. கையைத் துடைத்துக்கொண்டே வண்டியை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார்.

"இந்த நம்பர எங்கயோ எழுதி வெச்ச மாதிரி இருக்குதுங்க... ஆமாங்க சார், உங்க ஊட்டம்மா வந்தாங்க. நோன்பு சமயம். துண்டுச் சீட்டுல வண்டி நம்பரு எழுதிக் குடுத்து, 'சாருக்கு நேரமில்லீங்க, நீங்களே வந்து பாத்துப்போட்டுப் போங்க'ன்னாங்க. நோன்பு முடிஞ்சு வாரேங்கம்மான்னு சொல்லிப்போட்டு அப்புடியே மறந்துட்டேன். கோவிச்சுக்கிட்டாங்களா? நல்லாருக்காங்களா?"

என்னிடம் சொல்லிப் பார்த்துவிட்டு, தானே நடந்து வந்திருக்கிறாள். எனக்குத் தெரியாது.

இறந்துவிட்டாள் என்றேன். அவர் கையிலிருந்த துணி அப்படியே நின்றது. "எப்பங்க? எப்புடிங்க?"

"நோன்பு முடியறதுக்குள்ளயே. தூக்கத்துலயே போயிட்டா பாய். வலி தெரியாம."

கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தார். அவள் மூன்று தடவை சொல்லிக் கேட்டும் அசையாதவன் நான். ஒரு தடவை கேட்டு மறந்தவர் மேல் அந்தப் பழியைப் போட மனம் வரவில்லை.

வெள்ளி, 14

விளக்கு எரியவில்லை. ஷெட்டுக்குள் நாலு தடவை போய்ப் பார்த்தேன். எரிந்தால் தேவலை என்றுகூட இருந்தது. விடைத்தாள் பதினாறு திருத்தினேன். தலையணை வாங்கினேன்.

ஞாயிறு, 16

வெயில், பலத்த காற்று. மீனா முன் சீட்டில், அவள் அம்மா உட்காரும் இடத்தில். கால் வீங்கியிருக்கிறது. காரமடை தாண்டியதும் கேட்டாள்.

"ஏனுங்கப்பா, அம்மாவ ஆட்டோவுலயா கூட்டிட்டுப் போனீங்க? பக்கத்து ஊட்டு அக்கா சொன்னாங்க. கார் என்னாச்சு?"

பாயிடம் சொன்ன பொய் வாய்வரை வந்தது. இவளிடம் முடியவில்லை. விளக்கு, மூன்று தடவை, நான் சொன்ன பதில், டக் டக், இருபது நிமிஷம். ரோட்டைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன்.

பெரியநாயக்கன்பாளையம் வரை சன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். பிறகு, "வண்டிய நிறுத்துங்க."

நிறுத்தினேன். இறங்கினாள். லாரி போகும் ரோட்டோரம், வயிற்றைப் பிடித்துக்கொண்டு எனக்கு முதுகு காட்டி நின்றாள். தோள் குலுங்கியது. நான் இறங்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துப் பின் கதவைத் திறந்து பின் சீட்டில் ஏறிக்கொண்டாள்.

பீளமேடு வந்ததும் நேரே அம்மா அறைக்குப் போய்த் தாழ்ப்பாள் போட்டாள். மத்தியானம் ஒன்று. இரண்டு. சாத்துக்குடி பிழிந்து கதவருகில் வைத்தேன். எடுக்கவில்லை. இதை ஹாலில் உட்கார்ந்து எழுதுகிறேன். மூன்றரை இருக்கும், இப்போதுதான், கதவுக்கு உள்ளிருந்து குரல்.

"சாப்டீங்களாப்பா?"

இன்னும் இல்லை கண்ணு என்றேன். தாழ்ப்பாள் எடுக்கும் சத்தம்