நெருப்பு தாண்டாத வலை

மாத்தளை
12.10.1983

யாழ்ப்பாணத்தில் பத்திரமாக இருக்கும் அத்தானுக்கு,

வேலையை விட்டுவிட்டு வரச் சொல்லி மூன்றாவது முறையாக எழுதியிருக்கிறீர்கள். சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். மற்றதற்குப் பதில் கடைசியில்.

நேற்று பத்தாம் வகுப்புக்கு டேவி விளக்குப் பாடம். "பிள்ளைங்க நெருப்பக் கண்டாலே நடுங்குறாங்க, இந்த வருசம் விட்டுருங்க டீச்சர்" என்றார் அதிபர். நான் விடவில்லை. இங்கிலாந்துச் சுரங்கங்களில் விளக்குச் சுடர் பட்டு வாயு வெடித்து ஆட்கள் செத்துக்கொண்டிருந்தபோது, டேவி என்ற விஞ்ஞானி சுடரைச் சுற்றிக் கம்பிவலை போட்டார். வலை வெப்பத்தை இழுத்துக்கொள்வதால் நெருப்பு அதைத் தாண்டாது. இதைச் சொன்னால் நம்ப மாட்டார்கள், காட்ட வேண்டும்.

நான் தீக்குச்சியை உரசியதும் முன்வரிசைப் பிள்ளைகள் பின்னால் நகர்ந்தார்கள். ஸ்பிரிட் விளக்கின் சுடர்மேல் வலையை இறக்கினேன். நெருப்பு கீழேயே நின்றது. பிறகு ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டு, அவள் கையாலேயே பற்றவைக்கச் சொன்னேன். எல்லோரும் பற்றவைத்தார்கள்.

ஜூலைக் கலவரத்தில் கடை எரிந்துபோன உருத்திரமூர்த்தியின் மகள் மட்டும் மேசையை விட்டுப் போகவில்லை.

"அப்பா அதே இடத்துல மறுபடி கடை போடுறாரு. இந்த வலை பெருசா கிடைக்குமா டீச்சர்?"

நீங்கள் கேட்டதற்குப் பதில் இதுதான்: நான் வரவில்லை.

அடுத்த வாரம் நீராவி இயந்திரப் பாடம். எரிந்த நம் வீட்டுச் சாம்பலில் கிடைத்த தேநீர்க் கேத்தல் முழுக்கக் கரிபிடித்திருக்கிறது, ஆனால் ஓட்டை இல்லை. வகுப்பில் அதைத்தான் கொதிக்க வைக்கப் போகிறேன்.

இப்படிக்கு,
இங்கேயே இருக்கும் உங்கள் மனைவி