ஏரி நாணலும் அப்பாவுக்கு வந்த நோட்டீசும்

செல்ல மகளுக்கு அம்மா எழுதுறது. அப்பாவோட முழங்காலைத் தவிர இங்கே எல்லாம் சுகம், நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டு நல்லா இருப்பீங்கன்னு நம்புறேன். போன்ல நீ கேட்டப்போ மழுப்பிட்டேன், உண்மையில அப்பா பேருக்கு ஏரி ஆபீசுல இருந்து நோட்டீஸ் வந்துச்சு. பதறாதே, முழுசாப் படி.

நம்ம ஏரியில எங்கிருந்தோ வந்த நாணல் ஆளுயரத்துக்கு மண்டிக் கிடக்குன்னு சொன்னேன்ல, அதை ஒழிக்க ஏரி ஆபீசுக்குப் புதுசா வந்த அதிகாரி பந்தல் போட்டு, மைக் வச்சு, ரிப்பனை வெட்டி, அப்புறம் ஒரே ஒரு நாணலையும் வெட்டினாரு. மிச்சத்தை மிஷின் வெட்டிச்சு. முப்பது வருஷம் ஏரி பம்ப் ஹவுஸ்ல வேலை பார்த்த உங்கப்பா சும்மா இருப்பாரா, தண்ணிக்கு மேல வெட்டினா இன்னும் அடர்த்தியாத்தான் வரும், தண்ணிக்கு அடியில வெட்டினாத்தான் தண்டு வழியாப் போற காத்து நின்னு வேர் மூச்சுமுட்டிச் சாகும்னு அப்பா சொன்னாரு. எழுதிக் கொடுங்கன்னாங்க. கொடுத்தாரு. அந்தத் தாள் மேல டீ கிளாஸ் வச்சிருந்தாங்களாம். மிஷின் கிளறின வேர்த்துண்டையெல்லாம் லாரியில ஏத்தி நம்ம வீட்டுப் பக்கத்து வாய்க்கால் கரையில கொட்டினாங்க, ரெண்டே மாசத்துல அங்கேயும் நாணல். வெக்கப்படுவாங்கன்னு பார்த்தா, "கரைப் பசுமைத் திட்டம்"னு போர்டு வச்சுட்டாங்க.

வாய்க்கால் அடைச்சு, என் தையல் மிஷின் பாதி மூழ்குற அளவுக்கு மழைத்தண்ணி வீட்டுக்குள்ள வந்துடுச்சு. மறுநாள் காலையில அப்பா மீன்பிடிக்கிற அண்ணனோட படகுல அரிவாளோட கிளம்பிட்டாரு. அந்த வயசுல இடுப்பளவு தண்ணியில நிக்கிறதைப் பார்த்து ரெண்டு நாள் கரையில இருந்து திட்டினேன், மூணாம் நாள் நானும் இறங்கிட்டேன். மூணு வாரத்துல வாய்க்கால் வாயைத் திறந்துவிட்டோம், அடுத்த மழைக்கு வீட்டுக்குள்ள சொட்டுத் தண்ணி வரல. பரிசாத்தான் அந்த நோட்டீஸ், அனுமதியில்லாம அரசாங்கப் பசுமையை அழிச்சோமாம்.

விசாரணைக்கு நானும் கூடப் போனேன். ஆபீஸ் சுவத்துல திட்டத்தின் வெற்றின்னு ஒரு பெரிய படம், பார்த்தா நாங்க வெட்டின இடம், ஓரத்துல என் முதுகு! இது வெற்றின்னா நோட்டீஸ் எதுக்கு, குற்றம்னா படம் எதுக்குன்னு கேட்டேன். அதிகாரி ஒரு கிளாஸ் தண்ணி குடிச்சாரு, நோட்டீசைத் திரும்ப வாங்கிக்கிட்டாரு, ஆளுங்களுக்குச் சொல்லிக்கொடுக்க வாங்கன்னு அப்பாவைக் கூப்பிட்டாரு. நீங்களும் இறங்கினா வர்றேன்னாரு அப்பா. இன்னிக்குக் காலையில அதிகாரி நெசமாவே இறங்கினாரு, சகதியில மாட்டினவரை அப்பாதான் கைபிடிச்சுத் தூக்கினாரு. ஒரு கட்டு வெட்டினதும் இது முழுசா ஒழிய எத்தனை வருஷம் ஆகும்னு கேட்டாராம். விடாம வெட்டினா அஞ்சுன்னு அப்பா சொல்ல, எனக்கு ரெண்டு வருஷத்துல மாத்தல் வந்துடுமேன்னாராம். அப்போ உங்க ரெண்டு வருஷத்தை ஒழுங்கா வெட்டுங்கன்னு அப்பா அரிவாளைத் திரும்ப அவர் கையிலயே கொடுத்துட்டாரு.

நீங்க ரெண்டு பேரும் நோய்நொடி இல்லாம நிறைவா இருக்கணும். பல் வலின்னியே, தள்ளிப்போடாம டாக்டரைப் பாரு.

இப்படிக்கு,
இன்னும் கையில சேறு வாசம் போகாத உன் அம்மா