கம்பத்தில் விழுந்த கடப்பாரை

சூரியநெல்லி,
வியாழன்.

அன்பு மகள் ஜின்சிக்கு அம்மா கத்தரீனாள் எழுதுவது. மாதா தயவில் உயிரோடு இருக்கிறோம். சுகம் என்று எழுதக் கை வரவில்லை.

ஞாயிறு பூசை முடிந்த கையோடு எஸ்டேட் லயத்து வீட்டு ஆட்கள் மேட்டில் ஏறி, மண் நகர்வதை அளக்க நீயும் உன் ஆபீஸ்காரர்களும் நட்ட செயற்கைக்கோள் கம்பத்தைக் கடப்பாரையால் அடித்தார்கள். அப்பா குறுக்கே விழுந்தார். பக்கத்து வீட்டு ரிஜின் அதே கடப்பாரையால் அவர் மண்டையில் போட்டான். சட்டையெல்லாம் ரத்தம். நான் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியோடு பாய்ந்தேன், அவன் தோளில் ஒரு வெட்டு விழுந்தது. அதற்காக வருந்தவில்லை. அப்பா தலை நிறையத் தையலோடு கஞ்சி குடிக்கிறார், இடது காதுதான் கேட்கவில்லை. போனை உடைத்துவிட்டார்கள், மழையில் டவரும் படுத்துவிட்டது. நீ இருக்கும் மதுரைக்கு ஜீப் ஓட்டி வரும் வினோவிடம் கடிதத்தையும், கம்பத்துப் பெட்டியில் கணக்குப் பதிகிற கார்டையும் கொடுத்தனுப்புகிறேன்.

எல்லாம் மலை இறங்குகிறது என்று நீ சொன்னதால் வந்தது. அதை வைத்து எஸ்டேட்காரர்கள் லயத்தைக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். "ஒம் மக கணக்குப் பழக எங்க வீடுதான் கெடச்சுதா?" என்று கேட்டுக்கொண்டேதான் ரிஜின் அடித்தான்.

ஒன்றைக் கவனி. முன்பு நான் அந்தக் கம்பத்தில் துணி காயப்போடக் கொடி கட்டப்போய், துவைக்கிற நாளெல்லாம் மலை ஆடுகிறதே என்று நீ மண்டையை உடைத்துக்கொண்டு, கடைசியில் என்னைத் திட்டித் தீர்த்தாயே. இப்போது ஞாயிற்றுக்கிழமைக் கணக்கிலும் பெரிய தாவல் தெரியும். அது மண் இல்லை, கடப்பாரை. அப்பா தலைக்கட்டோடு போய்க் கயிறு போட்டுக் கம்பத்தை நிமிர்த்திவிட்டார். அடிக்கு முன்னதைத் தனியாக, நிமிர்த்திய பின்னதைத் தனியாகப் போட்டுப் பார்.

நேற்று ரிஜின் பெண்டாட்டி கைக்குழந்தையோடு வந்து நின்றாள். கதவு அடைய மாட்டேன் என்கிறதாம், உளி வேண்டுமாம். என்ன நெஞ்சழுத்தம்! மூஞ்சியில் எறியத்தான் தோன்றியது. கொடுத்தேன். அவள் போனபின் நம் கதவைச் சாத்திப் பார்த்தேன். அதுவும் பிடிக்கிறது. மழைக்கு மரம் ஊதியிருக்கும் என்கிறார் அப்பா. ரெண்டு வீட்டு நிலையும் ஒரே நேரத்தில் கோணுமா?

மகளே, அப்பா மண்டையை நினைத்துப் பயத்திலும் கணக்குப் போடாதே, ஆத்திரத்திலும் போடாதே. இறங்கவில்லை என்றால் தப்பு என் மேல் என்று எழுது, அவர்கள் காலில் விழுகிறேன். இறங்குகிறது என்றால் வினோவை அந்த நிமிஷமே திருப்பி அனுப்பு. ரிஜினை நான் மன்னிக்கவில்லை, மன்னிக்கவும் மாட்டேன். ஆனால் இறங்குகிறது என்று நீ எழுதினால் முதலில் அவன் கதவைத்தான் உடைப்பேன். அந்தப் பிள்ளை உள்ளே தூங்குகிறது.

உன் கண்ணுக்கும் கைக்கும் மாதா தெளிவு தரட்டும்.

உன் பதிலுக்குக் கத்தியோடு காத்திருக்கும்
அம்மா