குளிரில ஒட்டின கை

அன்பு மனைவி கேதீஸ்வரிக்கு,

நான் சுகம். நீரும் அம்மாவும் சுகமா இருப்பியள் எண்டு நம்புறன். வீடியோவில கட்டுப் போட்ட கையைக் கண்டாப் பயப்பிடுவீர் எண்டுதான், லீவில வாற அல்லைப்பிட்டிச் சிவகரனிட்டை இந்தக் கடிதத்தை இடக்கையால எழுதிக் குடுத்துவிடுறன்.

இஞ்ச டோகா ஆசுப்பத்திரியில, புற்றுநோய்ப் பிள்ளையளின்ர எலும்பு மச்சையை உறைய வைக்கிற குளிர்ப்பெட்டியை நான்தான் பாக்கிறனான். ஐஞ்சு வாயுவைக் கலந்து ஓடவிட்டுத்தான் அந்தக் கடுங்குளிரை எடுக்கிறது. போன கிழமை ஒரு வாயு கசிஞ்சு, கலவை பிழைச்சு, குளிர் குறையத் தொடங்கிட்டுது. அவசரத்தில ஈரக் கையுறையோட மச்சைப் பையள் இருந்த தட்டைத் தூக்கினன். கை ஒட்டிப்போச்சு.

கூட வேலை செய்யிற பிலிப்பைன்ஸ்காரன் றமோன், "இழுக்காதை, அப்பிடியே நில்" எண்டு சொல்லி, இளஞ்சூட்டுத் தண்ணி ஊத்தித்தான் கையை எடுத்துவிட்டவன். தோல் மட்டும்தான் போனது. மிச்சத் தட்டுகளையும் அவனே மற்றப் பெட்டிக்கு மாத்தினவன். நேற்று அதில இருந்த மச்சைப் பையில ஒண்டை ஒரு சின்னப் பிள்ளைக்கு ஏத்தினவை. இப்ப எனக்குச் சோறு குழைச்சுத் தாறதும் அவன்தான்.

சிவகரன் திரும்பேக்க கூழ் காய்ச்ச ஒடியல் மா குடுத்துவிடும். தலகணிக்கு உறை போட உம்மட பழைய சேலையொண்டும் வையும். தோய்க்க வேண்டாம்.

நயினாதீவு அம்மனுக்கு றமோன்ர பேரில ஒரு அர்ச்சனை செய்வியும். ஐயர் நட்சத்திரம் கேட்டால், தெரியாது, எங்கட ஆள்தான் எண்டு சொல்லும்.

சிவகரன் வாசலில நிக்கிறார்.

உம்மட,
சதீசன்