எர்கானின் ஆரஞ்சுப் பழங்கள்

அன்புள்ள அம்மா,

நான் நலமாக இருக்கிறேன். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? மாட்டுக் கொட்டகைக்குத் தனியாகப் போகாதே, வழுக்கும்.

லேனா ஆற்றில் ஒரு லாரி மூழ்கியதாக ரேடியோவில் கேட்டிருப்பாய். அது என் வண்டி இல்லை. எனக்கு முன்னால் போன எர்கானுடையது.

உறைந்த ஆற்றின் மேல் ஓட்டும்போது நாங்கள் யாரும் சீட் பெல்ட் போடுவதில்லை, கதவையும் சாத்துவதில்லை. பனிக்கட்டி உடைந்தால் குதிக்க வேண்டுமே. எர்கான் அன்று சாத்தியிருந்தான். புத்தாண்டுக்கு மகள் கேட்டாளென்று ஒரு பெட்டி ஆரஞ்சு வாங்கிப் பக்கத்து சீட்டில் வைத்திருந்தான்.

"கதவைத் தொறடா, மடையா!" என்று கரையிலேயே கத்தினேன்.

"தொறந்தா பழமெல்லாம் கல்லாயிடும். அந்தக் கரைக்குப் போய்த் தொறந்துக்கறேன், கெழவி மாதிரி பொலம்பாம போடா!" என்று சிரித்தான்.

பாதி ஆற்றில் வண்டி உள்ளே போய்விட்டது. தண்ணீர் அழுத்தியதில் கதவு திறக்கவே இல்லை. கண்ணாடி உடைந்திருக்க வேண்டும், பழங்கள் மட்டும் மேலே வந்தன. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவற்றைச் சுற்றித் தண்ணீர் மறுபடி உறைந்தது.

நான் நன்றாகச் சாப்பிடுகிறேன். முயல்தோல் காலுறை ஒன்று அனுப்பு. கதவுப் பக்கத்து இடது காலுக்கு மட்டும் போதும். அதைத் துவைக்காதே, நம் வீட்டு அடுப்புப் புகை வாசம் அப்படியே இருக்கட்டும்.

போனில் என் இருமலைக் கேட்டு, "கதவைச் சாத்திக்கிட்டு ஓட்டுடா" என்று திட்டினாயே, இனி அப்படிச் சொல்லாதே. ஹாரன் அடிக்கிறார்கள், எங்கள் வரிசை கிளம்புகிறது. நான் இருமிக்கொண்டிருக்கும் வரை நீ நிம்மதியாகத் தூங்கு, அம்மா.

உன் மகன்,
நியூர்குன்