மணவாழ்த்தில் ஓர் எழுத்து

என் மச்சான் மாணிக்கத்துக்கு,

உன் நலம் விசாரிக்க வழியில்லை. எங்கள் செய்தியையாவது சொல்லிவிடுகிறேன். உன் மகள் செல்வியின் திருமணம் சென்ற ஆவணி மாதம், மூன்றாம் ஞாயிறு, அரியலூரில் நடந்தது. இரண்டாம் ஞாயிறு என்று உன் அக்காள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அது தவறு.

நம் உறவுத் திருமணங்களுக்கு மணவாழ்த்துக் கவிதையை நான் எழுதுவேன். ஒலிபெருக்கியில் நீ வாசிப்பாய். "என்ன மாமா, வரி பூரா வல்லினமா கெடக்கு. மாப்ளைய வாழ்த்துறீங்களா, சுண்ணாம்புக்கல்லு ஒடைக்கிறீங்களா?" என்று ஒருமுறை கேட்டாய். எனக்குக் கோபம்தான். ஆனாலும் 'கற்றறிந்த கொற்றவனே' என்பதை அடித்துவிட்டு, 'மனம் நிறைந்த மணமகனே' என்று எழுதினேன். நீ வாசித்தபோது பந்தியில் இருந்தவர்கள்கூட நிமிர்ந்து கேட்டார்கள். இலக்கணம் படித்த எனக்கு மெல்லினத்தின் பலத்தைக் காட்டியது உன் காது. இதை உன்னிடம் ஏன் ஒரு நாளும் சொல்லவில்லை?

திருமணத்துக்குப் பத்து நாள் முன்பு செல்வி வந்தாள்.

"மாமா, வாழ்த்துல அப்பா இருக்கணும்."

உன் அக்காள் விடவில்லை. "மணமேடையில போனவங்க பேச்சை எடுப்பாங்களாடி? வேணாங்க, எழுதிப்புடாதீங்க."

வாழ்த்தில் அமங்கலச் சொல் வரக்கூடாது என்று ஊருக்கெல்லாம் சொன்னவன் நான். 'மறைந்த' என்று எழுத முடியாது. உன்னை விட்டுவிட்டு அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்கவும் முடியாது. நான்கு நாள் தாள் வெறுமையாகக் கிடந்தது.

ஐந்தாம் நாள், உன் பெயரின் முதல் எழுத்தை வரிக்கு வரி மோனையாக வைத்தேன். மாவிலை, மாலை, மாங்கல்யம், மாமன், மாமியார். அத்தனையும் மங்கலச் சொற்கள். எதையும் இழுத்து வந்து திணிக்கவில்லை. உன் பெயரை மட்டும் எழுதவில்லை.

நானே வாசித்தேன். உன் குரலுக்கு அது ஈடில்லை. மூன்றாம் வரியில் செல்வி தலை தூக்கினாள். நான்காம் வரியில் கண் நிறைந்துவிட்டது.

"அழுவாத, மை கலையுது" என்றாள் உன் அக்காள்.

"அப்பா பேரு ஒலிக்குது அத்தை. நல்லாக் கேளுங்க."

உன் அக்காள் கேட்டாள். அடுத்த வரியில் அவளும் முந்தானையை எடுத்துக்கொண்டாள். மேடையில் ஒருவரும் அதைத் தடுக்கவில்லை.

செல்வியின் தம்பிக்கும் பெண் பார்த்துக்கொண்டிருக்கிறோம். அவன் மேடையிலும் நானே வாசிப்பேன், உன்னை விட்டுவிடாமல்.

நன்றியுடன்,
உன் அக்காளைக் கட்டிய மாமன்